கிணற்றை அளந்த பிள்ளைகள் மேடையேறட்டும்

அணைக்கட்டு வட்டாரத்து அரசுப் பள்ளி மாணவர்கள் ஒரு சனிக்கிழமை காலையில், சுருட்டிய சார்ட்டுகளும் ஆய்வு நோட்டுமாக வேலூருக்குப் பஸ் ஏறினால், பார்ப்பவர்களுக்கு அது ஏதோ போட்டிக்குப் போகும் கூட்டமாகத் தெரியும். வீட்டில் கேட்டால் டூர் என்பார்கள். சில பள்ளிகளில் தலைமையாசிரியரே அப்படித்தான் நினைக்கிறார். பாடம் போகிறதே என்ற கவலையோடு அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திடுகிறார். சுமார் 20 கிலோமீட்டர் தூரத்துப் பயணம் அது. ஆனால், தான் வாழும் ஊரைப் பற்றித் தானே கண்டறிந்த ஒன்றை, தன்னை அறியாதவர்கள் முன் நின்று, அவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி நிலைநாட்டும் வாய்ப்பு நம் பள்ளிக்கூட வாழ்க்கையில் வேறு எந்த இடத்திலும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு என்ற ஏற்பாட்டின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. அந்தப் பயணத்தைச் சிலருக்கான பரிசாக வைத்திருக்கும் வரை அந்த மதிப்பில் பெரும்பகுதி வீணாகிறது. அதை ஒவ்வொரு பள்ளியின் வேலைத்திட்டத்துக்குள்ளும் கொண்டுவர வேண்டும். அதிலும் பாலாற்றங்கரைத் தோல் தொழில் பகுதிக்கு அது மற்ற எந்த வட்டாரத்தையும் விட அவசரத் தேவை.

நல்ல மாணவர்களைத் தேர்ந்தெடுத்து ஓரிடத்தில் கூட்டுவது உலகெங்கும் உள்ள பழக்கம். அமெரிக்காவில் 1776-ல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் பிறந்த ஃபை பீட்டா கப்பாவும், 1921-ல் உயர்நிலைப் பள்ளிகளுக்காகத் தொடங்கப்பட்ட தேசிய மாணவர் கௌரவச் சங்கமும் இதற்குப் பேர்போனவை. அங்கே உறுப்பினராக முதலில் மதிப்பெண் வேண்டும். தொண்டும் தலைமைப் பண்பும் நடத்தையும் அதற்குப் பின்னால்தான் பார்க்கப்படும். சேர்ந்தவர்கள் வட்டார மாநாடுகளில் கூடுவார்கள், அனுபவங்களைப் பகிர்ந்துகொள்வார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடிப்படை, ஏற்கெனவே வென்றவரைக் கௌரவிப்பது. தமிழ்நாடும் வெகுகாலம் அதே வழியில்தான் போனது. பொதுத்தேர்வு முடிவு வந்த மறுநாள் முதல் மூன்று இடம் பிடித்தவர்களின் படங்கள் செய்தித்தாளை நிறைத்தன. 2017-ல் அரசு ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. அது சரியான முடிவு. ஆனால் பழைய கௌரவத்தை எடுத்துவிட்ட இடத்தில் புதிதாக எதை வைப்பது என்ற கேள்விக்கு நாம் இன்னும் முழுமையாகப் பதில் சொல்லவில்லை.

அந்தப் பதில் 1993 முதலே நம் கையில் இருக்கிறது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு அந்த ஆண்டு நாடு முழுவதற்குமாகத் தொடங்கிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டை, தமிழ்நாட்டில் ஒருங்கிணைத்து வளர்த்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 'துளிர்' மாத இதழைக் குழந்தைகளுக்காக நடத்திவரும் அதே இயக்கம்தான். 10 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, ஒரு வழிகாட்டி ஆசிரியரின் துணையோடு, தங்கள் சுற்றுப்புறத்தில் ஒரு சிக்கலை எடுத்து ஆராய வேண்டும். பள்ளிக்குப் போகாத பிள்ளையும் கலந்துகொள்ளலாம் என்பது இதன் விதிகளில் ஒன்று. மதிப்பெண் பட்டியலை யாரும் கேட்பதில்லை. ஆய்வறிக்கையைத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே விளக்கலாம். இரண்டு ஆண்டுக்கு ஒரு மையப்பொருள் என்ற முறையில் நீர்வளம், பல்லுயிர், நிலவளம், ஆற்றல், காலநிலை என்று வரிசையாக வந்தன. மாவட்டத்தில் தேறியவர்கள் மாநிலத்துக்கும், அங்கே தேறியவர்கள் தேசிய மாநாட்டுக்கும் போவார்கள். மதிப்பீட்டாளர்கள் சார்ட்டின் அழகுக்கு மயங்குவதில்லை. எத்தனை வீட்டில் கேட்டாய், ஏன் அந்த வீடுகள், நீ சொல்லும் காரணம்தான் காரணம் என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு நோட்ஸ் கிடையாது.

இப்போது பாலாற்றுக்கு வருவோம். ஏன் இந்த வட்டாரத்துக்கு அவசரத் தேவை என்பதற்கான சான்று நீதிமன்றக் கோப்புகளிலேயே இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் கிணறுகளும் நிலமும் கெட்டுப்போகின்றன என்று வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நிறுவிய தீர்ப்பு அது. இன்றைக்கும் நாட்டின் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் வேலூரின் பெயர் அங்கே ஒலிக்கிறது. அந்தத் தீர்ப்பு எதன் மேல் நின்றது? அளவீடுகளின் மேல். தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாகத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கணக்கிட்டிருந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதையும் நீதிமன்றம் பதிவுசெய்தது. ஆற்றின் நிறம் மாறியதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள், கரையோர விவசாயிகள் வருடக்கணக்கில் அழுது முறையிட்டார்கள். எண்ணிக்கை வந்த பிறகுதான் நீதிமன்றத்தில் அது வழக்காக நின்றது.

அடுத்து நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் பாதிக்கப்பட்டவர்களைக் கணக்கெடுத்து, 29,193 பேருக்கு 547 தொழிற்சாலைகள் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2001-ல் முடிவுசெய்தது. அதற்குப் பிறகும் சண்டை முடியவில்லை. எந்தக் கிணறு எப்போது கெட்டது, எந்த நிலம் எந்த ஆண்டில் தரிசானது, கெட்டது மீண்டதா மீளவில்லையா என்று ஊரூராக வாதங்கள் ஓடின. 2025 ஜனவரி 30-ல் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, பாக்கி இழப்பீட்டை வழங்கவும், பாலாற்றை மீட்கும் பணியைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. வழக்குத் தொடுத்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அன்றைக்கு வயது 33 கடந்திருந்தது. இந்த முப்பத்துச் சொச்சம் ஆண்டில், ஒவ்வொரு ஊர்ப் பள்ளியும் தன் ஊர்க் கிணறுகளில் ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும், நீரின் உப்பளவைக் குறித்து நோட்டில் எழுதி வைத்திருந்தால் எப்பேர்ப்பட்ட ஆவணம் இந்த வட்டாரத்திடம் இருந்திருக்கும்! அறிவியல் மாநாடு பிள்ளைகளிடம் கேட்பது அப்படிப்பட்ட நோட்டைத்தான்.

அணைக்கட்டு இதில் தனித்த இடத்தில் இருக்கிறது. பெரிய தொழிற்சாலைகள் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் இருக்கின்றன. அணைக்கட்டு வட்டாரமோ ஒருபக்கம் ஜவ்வாது மலையையும் மறுபக்கம் பாலாற்றையும் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. மலையில் பிறக்கும் உத்தரகாவேரி ஒடுகத்தூர் வழியாக வந்து பாலாற்றில் சேர்கிறது. அந்த மலைத் தண்ணீருக்குத் தோல் கழிவின் சுவை தெரியாது. பாலாறோ வாணியம்பாடியையும் ஆம்பூரையும் கடந்துவிட்டுத்தான் பள்ளிகொண்டாவுக்கு வருகிறது. தோல் பட்டறைகளைத் தொடாத நீரும் தொட்ட நீரும் ஒரே வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் தூரத்தில் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல களத்தை எந்தப் பல்கலைக்கழகமும் செயற்கையாக அமைத்துக்கொள்ள முடியாது. தண்ணீரோடு விஷயம் நிற்பதும் இல்லை. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஊராட்சிகளில் சாமை விதைப்பு ஏன் குறைகிறது, ஷூ கம்பெனி வேனில் விடியற்காலையில் ஏறிப்போகும் பெண்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள், ஒரு குக்கிராமத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச்சேர எத்தனை மணி நேரம் என்று கேட்க வேண்டியவை குவிந்து கிடக்கின்றன. கடைசிக் கேள்வியின் கனம் இந்த ஒன்றியத்துக்குத் தெரியும். 2023 மே மாதத்தில் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சரியான சாலை இல்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனை சேராமல் இறந்தது. உடலைத் தாய் நடந்தே தூக்கிச் சென்ற செய்தியை நாடே படித்தது.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும். வேலூர் மாவட்டம் 2024-லும் 2025-லும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்திலேயே கடைசி இடம். 2024-ல் 82.07 சதவீதம், 2025-ல் 85.44 சதவீதம். பாஸ் பண்ணவே தள்ளாடும் மாவட்டத்தில் ஆய்வு, மாநாடு, பயணம் என்று நாளைக் கரைப்பது நியாயமா என்று ஓர் ஆசிரியர் கேட்டால் அவரைக் கடிந்துகொள்ள முடியாது. மேலிடத்திலிருந்து வரும் அழுத்தம் முழுவதும் அவர் தலையில்தான் இறங்குகிறது. ஆனால் அந்த எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். தேறாமல் போகும் பிள்ளைகளில் பலர் பாடத்தை விட்டே விலகிவிட்டவர்கள். தோல் கம்பெனியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை கிடைக்கும் என்று தெரிந்த பிறகு பத்தாம் வகுப்புப் புத்தகம் அவர்களோடு பேசுவதை நிறுத்திவிடுகிறது. அவர்களுக்கு மாலை நேரத்தில் இன்னும் ஒரு மணி நேரம் ஸ்பெஷல் கிளாஸ் வைப்பதால் புத்தகம் மறுபடி பேசத் தொடங்கிவிடாது. சதவீதம், சராசரி, வரைபடம், கரைசல், அமிலம், காரம் எல்லாம் தேர்வுக்கு வரும் பாடங்கள்தான். தன் வீட்டுக் கிணற்று நீரை வைத்து அவற்றைச் செய்துபார்த்தவனுக்கு அவை மறக்காது. மேலும், நவம்பருக்குள் மாவட்ட அளவை முடித்துவிட்டால் பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதங்களில் ஒரு நாளும் கெடாது. மாநாட்டைச் சனி, ஞாயிறுகளில் வைப்பது அதற்காகத்தான்.

இரண்டாவது மறுப்பில் உண்மை அதிகம். ஆய்வைச் செய்வது ஆசிரியர், பிள்ளை ஒப்பிப்பது மட்டும்தான் என்கிறார்கள். பல இடங்களில் இது நடக்கிறது. இணையத்தில் எடுத்த பத்திகளை மனப்பாடம் செய்து வந்து, இடையில் ஒரு கேள்வி கேட்டால் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கும் பிள்ளைகள் உண்டு. இதற்கு மாநாட்டைக் குறை சொல்வதை விட, மாநாட்டைப் பரிசாக்கியதைக் குறை சொல்வதே பொருத்தம். அடுத்த கட்டத்துக்குச் சிலரே போக முடியும், போனால் பள்ளிக்குப் பெயர் வரும் என்றால், பெரியவர்கள் பேனாவை வாங்கிக்கொள்ளத்தான் செய்வார்கள். குழுவின் அளவையும் விதிகள் சுருக்கிக்கொண்டே வந்தன. தொடக்கத்தில் ஐந்து பேர் வரை இருந்த குழு, பின்னாளில் இரண்டு பேராகக் குறைந்தது. தேசிய மாநாட்டுக்குக் குழுத் தலைவர் மட்டுமே போக முடியும். வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டு எழுதியவள் ஊரில் நிற்க, நன்றாகப் பேசத் தெரிந்தவன் மட்டும் ரயில் ஏறுவது இந்த ஏற்பாட்டின் பெரிய அநீதி. செலவைக் காரணம் காட்டுவார்கள். செலவு உண்மைதான், அநீதியும் உண்மைதான்.

செலவைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பயணத்தில் யார் போகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. அரசு தரும் இலவசப் பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான தடத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை வெளியூரில் நடக்கும் மாநாட்டுக்கு அது உதவாது. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணமும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளோடு நின்றுவிடுகிறது. மலைக் கிராமத்துப் பிள்ளை முதலில் அடிவாரம் இறங்க வேண்டும், அங்கிருந்து அணைக்கட்டு, பிறகு வேலூர். காலை ஒன்பது மணிக்குப் பதிவு என்றால் முந்தைய நாளே புறப்பட்டு எங்காவது தங்கியாக வேண்டும். மாநில மாநாடு வேறொரு மாவட்டத்தில் என்றால் இரண்டு நாள் சாப்பாடு, தங்குமிடம், கூட வரும் ஆசிரியைக்கான செலவு எல்லாம் சேரும். பெரும்பாலும் ஆசிரியரின் சட்டைப்பையிலிருந்தே அது போகிறது, அதைச் சொல்லிக்கொள்ளவும் அவர்களுக்குக் கூச்சம். மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் தேர்வாகும் மாணவருக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் தருகிறார்கள். அதுபோல ஊர்க் களத்தில் ஆய்வு செய்யும் குழுவுக்குப் பயணப்படி என்ற ஒன்றை மாநில அரசு ஒதுக்குவது பெரிய காரியமே இல்லை. 2022-23 முதல் கலைத் திருவிழாவைப் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று பெரிய அளவில் நடத்திக்காட்டிய அரசுக்கு இதற்கான வழியும் ஆள்பலமும் இருக்கின்றன.

டெல்லியை நம்பிக் காத்திருக்கவும் முடியாது. டிசம்பர் கடைசி வாரம் என்று ஒருகாலத்தில் நாள்காட்டியில் நிலையாக இருந்த தேசிய மாநாடு, பெருந்தொற்றுக்குப் பின் தடம் மாறியது. 30-வது மாநாடு 2023 ஜனவரியில் அகமதாபாத்தில் நடந்தது. அடுத்தது 2025 ஜனவரியில் போபாலில்தான். இரண்டு ஆண்டு இடைவெளி என்பது பெரியவர்களுக்குச் சிறிய விஷயம். 15 வயதுப் பிள்ளைக்கு அது பள்ளிப் பருவத்தின் கடைசி வாய்ப்பு. ஆகவே எடை முழுவதையும் தேசிய மேடையில் வைக்காமல் வட்டாரத்தில் வைக்க வேண்டும்.

வட்டாரம் என்றால் எது? 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ஆற்காடும் வாலாஜாபேட்டையும் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போயின. அணைக்கட்டு வேலூரிலேயே நின்றது. நிர்வாகத்துக்கு இது வசதி. ஆனால் ஆறு பிரியவில்லை. ஆம்பூர் மாணவியின் ஆய்வும் பள்ளிகொண்டா மாணவனின் ஆய்வும் ராணிப்பேட்டைப் பிள்ளையின் ஆய்வும் ஒரே தண்ணீரைப் பற்றியவை. இன்று அவர்கள் மூன்று தனித்தனி மாவட்ட அரங்குகளில் பேசுகிறார்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்பதே இல்லை. மூன்று மாவட்டக் கல்வி நிர்வாகமும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு சனி, ஞாயிறில் பாலாற்று வட்டார மாநாடு ஒன்றை நடத்த வேண்டும். தேர்வானவர்கள் மட்டும் வரும் கூட்டமாக அது இருக்கக் கூடாது. ஒன்றியத்துக்கு இத்தனை குழு என்று வைத்து, மலை ஒன்றியங்களுக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் இடம் உறுதிசெய்து, முழுக் குழுவும் வர வேண்டும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். மேல்நீர் ஊரும் கீழ்நீர் ஊரும் தங்கள் எண்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும் இரண்டு நாள் போதும். வேலூர் ஊரீசு கல்லூரி, வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி, ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி, திருவள்ளுவர் பல்கலைக்கழகம் என்று அரங்கும் ஆய்வகமும் உள்ள நிறுவனங்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன.

இன்னொரு அச்சமும் உண்டு, அது ஊரில் வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. அப்பா தோல் கம்பெனியில், அம்மா ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளை, அந்தத் தொழிலின் கழிவை அளந்து மேடையில் சொன்னால் சோற்றுக்கே கேடு வராதா? இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளக் கூடாது. இந்தத் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது, தோல் வணிகர்கள் கொடுத்த பணத்தில் பள்ளிகளும் கல்லூரிகளும் இங்கே எழுந்தன. 1996 தீர்ப்பே தொழிலை ஒழிக்கச் சொல்லவில்லை. சுத்திகரிப்பு நிலையம் அமைத்து நடத்துங்கள், செய்த கேட்டுக்கு ஈடு கொடுங்கள் என்றது. சுத்திகரித்துத்தான் விடுகிறோம் என்று சொல்லும் நிறுவனத்துக்கு, ஆண்டுக்காண்டு நீர் தெளிகிறது என்று ஊர்ப் பிள்ளைகளின் நோட்டு காட்டினால் அதைவிட நம்பகமான சான்று ஏது? தெளியவில்லை என்று காட்டினால், அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர்களும் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு அந்தக் கிணற்று நீரைக் குடிக்கும் குடும்பங்களே.

எல்லை ஒன்றையும் தெளிவாக வகுக்க வேண்டும். பிள்ளைகள் தோல் கழிவுச் சேற்றைத் தொடவோ கழிவுநீர்த் தொட்டி அருகே போகவோ கூடாது. 2015 ஜனவரி கடைசி நாளில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். குரோமியம் அளப்பது ஆய்வகத்தின் வேலை. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு, அவ்வளவு நுண்ணிய அளவைப் பள்ளிக் கருவி காட்டாது. ஆனால் கரைந்த உப்பின் மொத்த அளவை, சில நூறு ரூபாய்க் கருவியால் ஏழாம் வகுப்புப் பிள்ளை கிணற்றடியில் நின்றே பார்த்துவிடலாம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்க ஏற்றது, வேறு நீரே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது தர அளவு. அந்த இரண்டு எண்ணும், ஒரு கருவியும், ஊர் வரைபடமும், தாத்தா பாட்டிகளிடம் கேட்டு எழுதிய பயிர்க் கதைகளும் சேர்ந்தால் நல்ல ஆய்வு பிறக்கும். சந்தேகம் வரும் கிணற்று நீரைக் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்பும் பொறுப்பு பெரியவர்களுடையது.

இதையெல்லாம் இணையவழியில் செய்துவிடலாமே, பயணம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழி நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு தூரம் எட்டியது என்பதை ஜவ்வாது மலையில் செல்போன் சிக்னல் தேடிப் பாறை மேல் ஏறியவர்கள் சொல்வார்கள். அதோடு, வேறு ஊர்ப் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பந்தியில் சாப்பிட்டு, இரவு தங்குமிடத்தில் உங்கள் ஊரில் தண்ணீர் எப்படி என்று கேட்கும்போது நடப்பது திரையில் நடக்காது. மலையாளிப் பழங்குடிப் பிள்ளையும் ஆம்பூர் கடைத்தெருப் பிள்ளையும் அதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்துப் பேசியிருக்க வாய்ப்பே இல்லை.

மூன்று மாவட்டங்களின் முதன்மைக் கல்வி அலுவலர்களும் ஆட்சியர்களும் வரும் கல்வியாண்டின் நாள்காட்டியிலேயே பாலாற்று வட்டார மாநாட்டுக்கு ஒரு சனி, ஞாயிறைக் குறிக்க வேண்டும். பயணச் செலவைப் பள்ளிக் கல்வித் துறை ஏற்க வேண்டும். தோல் தொழில் அதிபர்கள் பள்ளிக்கு ஒரு நீர்ச் சோதனைக் கருவி வாங்கித் தரலாம், தந்துவிட்டு அது காட்டும் எண்ணைக் கேட்கவும் வர வேண்டும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மகள் இரண்டு நாள் வெளியூர் மாநாட்டுக்குப் போக அனுமதிக் கடிதம் கொண்டுவந்தால், கூட வரும் ஆசிரியை யார், எங்கே தங்குகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கையெழுத்திட்டு அனுப்பி வையுங்கள்.